அச்சாரம் கொடுத்த பிறகு

பத்திர எழுத்தரின் மேசையில் தயாராகும் கிரய ஒப்பந்தங்கள் பெரும்பாலும் ஒரே வார்ப்பில் இருக்கும். பாக்கித் தொகையை எந்தக் கெடுவுக்குள் கட்ட வேண்டும், தவறினால் கொடுத்த முன்பணம் என்ன ஆகும் என்று இரண்டு மூன்று வரிகள். சொத்தில் வில்லங்கம் எதுவும் இல்லை, பின்னால் தெரிய வந்தால் தன் சொந்தச் செலவில் தீர்த்துத் தருகிறேன் என்று விற்பவர் சொல்லும் ஒரு வரி. கீழே கையெழுத்துகள், சாட்சிகள். வங்கி கடன் தர மறுத்துவிட்டால் என்ன? தாய்ப்பத்திரத்தில் ஒரு மகளின் கையெழுத்து விடுபட்டிருந்தால் என்ன? அளந்து பார்க்கும்போது பின்பக்கச் சுவர் ஓடைப் புறம்போக்கில் நின்றால் என்ன? அந்தத் தாளில் இவற்றுக்கு விடை இருக்காது. வாங்குபவர் எப்போது, எந்தக் காரணத்துக்காக, எவ்வளவு இழப்போடு விலகலாம் என்பதை யாரும் அதில் எழுதுவதில்லை. அட்வான்ஸ் கொடுக்கப் போகிற நேரத்தில் அதைப் பேசுவது அபசகுனம் என்று வீட்டுப் பெரியவர்கள் நினைக்கிறார்கள். பேசினால் கட்சிக்காரர் ஓடிவிடுவாரோ என்று புரோக்கர் பயப்படுகிறார்.

அதனால் 'விலகலாமா?' என்ற கேள்வி நம்மிடம் மிகத் தாமதமாக, மிக மோசமான நேரத்தில் வருகிறது. பல லட்சம் கை மாறியிருக்கும். சொந்தக்காரர்களுக்குச் சொல்லியாகியிருக்கும். கிரகப்பிரவேசத்துக்குத் தை மாதத்தில் நாள்கூடப் பார்த்திருப்பார்கள். அந்த நிலையில் எடுக்கிற முடிவு சொத்தைப் பற்றியதாக இருப்பதில்லை. போட்ட பணத்தையும் போகப்போகிற மானத்தையும் பற்றியதாகவே இருக்கிறது. இந்த முடிவில் பாதிக்கு மேல் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே எழுத்தில் எடுக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

வேறு சில ஊர்களில் அப்படித்தான் செய்கிறார்கள். சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) மறுவிற்பனை வீட்டை வாங்குபவர் முதலில் வாங்குவதே முடிவெடுக்கும் அவகாசத்தைத்தான். அதிகபட்சம் 1,000 வெள்ளி விருப்பத் தொகையாகக் கொடுத்தால் 21 நாள் அந்த வீட்டை வேறு யாருக்கும் விற்க முடியாது. வேண்டாம் என்று தோன்றினால் அந்தத் தொகையோடு கணக்கு முடிந்தது. சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் ஏலத்தில் எடுக்காத வீட்டுக்கு ஒப்பந்தமான பின்னும் 5 வேலை நாள் மறுயோசனைக் காலம் உண்டு. அதற்குள் விலகினால் விலையில் 0.25 சதவீதம் மட்டும் போகும். கனடாவின் ஒன்டாரியோவில் கட்டுநரிடம் நேரடியாகப் புதிய அடுக்ககம் வாங்குபவர் 10 நாளுக்குள் காரணமே சொல்லாமல் விலகி முழுப் பணத்தையும் திரும்பப் பெறலாம். இங்கிலாந்தில் ஒப்பந்தப் பிரதிகள் பரிமாறிக்கொள்ளும்வரை இரு தரப்பையும் சட்டம் கட்டுப்படுத்தாது. அதற்கு விலையும் உண்டு: பல மாத அலைச்சலுக்குப் பிறகு, கூடுதல் விலை தருகிற இன்னொருவருக்கு விற்பவர் மாறிவிடலாம். முறைகள் வேறுவேறானாலும், விலகினால் எவ்வளவு போகும், எந்தக் கட்டம்வரை விலகலாம் என்ற இரண்டும் அங்கே வாங்குபவருக்கு முதல் நாளே தெரிந்திருக்கின்றன.

நம்மிடம் இருப்பது 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம். பழைய சட்டம்தான், ஆனால் அதன் 55ஆம் பிரிவை வீடு வாங்கும் ஒவ்வொருவரும் ஒரு முறையாவது படிக்க வேண்டும். சொத்திலோ உரிமையிலோ விற்பவருக்குத் தெரிந்த முக்கியமான குறை இருந்து, வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தால் அது கண்ணில் படாது என்றால், விற்பவர் அதைச் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது அது. இன்னொரு உட்பிரிவு நம் கேள்விக்கே நேராக வருகிறது. வாங்குபவர் முறையான காரணத்தோடு சொத்தை ஏற்க மறுத்தால், அவர் கொடுத்த பணத்துக்கும் அச்சாரத்துக்கும் அந்தச் சொத்தின் மீதே அவருக்குப் பொறுப்புரிமை உண்டு. முறையில்லாமல் மறுத்தால் இல்லை. சட்டம் விலகலைத் தடுக்கவில்லை, முறையான விலகல், முறையற்ற விலகல் என்று இரண்டாகப் பிரிக்கிறது. எது முறையானது என்பதில்தான் வழக்குகள் எல்லாம்.

அச்சாரம் என்ற நம் பழைய சொல்லுக்கு ஒரு தனிப் பொருள் இருந்தது: பேச்சை உறுதிப்படுத்தக் கொடுக்கும் பணம், பேச்சு மாறினால் போய்விடும் பணம். இன்று அச்சாரம், டோக்கன், அட்வான்ஸ், முன்பணம் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிட்டோம். நீதிமன்றங்கள் குழப்புவதில்லை. 1963இல் தீர்ப்பான ஃபதே சந்த் வழக்கில் விலை 1,12,500 ரூபாய். வாங்க வந்தவர் கொடுத்தது 25,000. அதில் 1,000 மட்டுமே அச்சாரம், மற்ற 24,000 விலையில் ஒரு பகுதி. ஆயிரத்தை விற்பவர் வைத்துக்கொள்ளலாம், 24,000ஐ அப்படியே பறிமுதல் செய்வது தண்டம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2012இல் சதீஷ் பத்ரா வழக்கில் 70 லட்சம் ரூபாய்ச் சொத்துக்குக் கொடுத்த 7 லட்சம் அச்சாரம் என்றே எழுதப்பட்டிருந்தது. வாங்குபவர் தவறியதால் அது போனது. ஆக, தொகை எவ்வளவு என்பதோடு அது எந்தப் பெயரில், எந்த நிபந்தனையில் கொடுக்கப்பட்டது என்பதும் விலகலின் விலையைத் தீர்மானிக்கிறது.

பெயரை மட்டும் நம்பவும் முடியாது. 2025இல் பெங்களூரு வழக்கொன்றில் 55.5 லட்சம் விலைக்கு 20 லட்சம் கொடுத்திருந்தார் ஒருவர். ஒப்பந்தத்தில் அட்வான்ஸ் என்றுதான் இருந்தது. நான்கு மாதக் கெடுவுக்குள் பாக்கியைக் கட்டவில்லை. தவறினால் பணம் போகும் என்ற நிபந்தனை எழுத்தில் இருந்ததால் அந்தப் பறிமுதல் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் முடித்தது. வீட்டைப் பதிந்து கொடு என்று வழக்குப் போட்டவர், அது முடியாவிட்டால் பணத்தைத் திருப்பிக் கொடு என்று மாற்று வேண்டுகோள் வைக்காததும் அவருக்கு எதிராகப் போயிற்று. 20 லட்சத்தின் கதி ஒப்பந்தத்தின் ஒரு வரியிலும் வழக்கு மனுவில் விட்டுப்போன ஒரு வரியிலும் இருந்திருக்கிறது.

கட்டுநரிடம் அடுக்ககம் வாங்குபவரின் நிலைமை 2016ஆம் ஆண்டின் ரெரா என்ற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்துக்குப் பிறகு மாறியிருக்கிறது. பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் கட்டுநர் வாங்கக் கூடாது. விளம்பரத்திலோ மாதிரி வீட்டிலோ காட்டியது பொய் என்றால் வாங்கியவர் விலகிப் பணத்தை வட்டியோடு பெறலாம். சொன்ன தேதியில் சாவி தரவில்லை என்றாலும் அப்படியே. இந்த உரிமைக்கு நிபந்தனை ஏதும் இல்லை என்று 2021இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. ஆனால் கட்டுநர் பக்கம் தவறில்லாதபோது விலகினால்? குருகிராமில் ஒருவர் 2014இல் அடுக்ககம் பதிவு செய்து 51 லட்சம் வரை கட்டியிருந்தார். வீடு தயாரானபோது சந்தை விலை இறங்கியிருந்தது, வேண்டாம் என்றார். கட்டுநர் வீட்டின் அடிப்படை விலையில் 20 சதவீதம் பிடிக்கப் பார்த்தார். ஒப்பந்தம் ஒருதலைப்பட்சமானது, 10 சதவீதம் போதும் என்ற நுகர்வோர் ஆணையத்தின் முடிவை 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் ஏற்றது. அப்படிப் பார்த்தாலும் 17 லட்சம் போனது, திரும்பிய பணத்துக்கு வட்டியும் இல்லை. விலை இறங்கிவிட்டது என்பது மட்டுமே காரணமாக இருந்தால் விலகல் இவ்வளவு செலவு வைக்கும்.

இனி காரணங்களுக்கு வருவோம். உரிமையில் உள்ள குறைதான் முதலாவது. அதைப் பற்றி நீட்டிப் பேச வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பத்திரப் பதிவு நடந்துவிட்டால் எல்லாம் சரி என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக இருக்கிறது. மூலப் பத்திரம் காட்டாவிட்டால் பதிவை மறுக்கலாம் என்று தமிழ்நாட்டுப் பதிவு விதிகளில் இருந்த 55ஏ விதியை 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் நீக்கியது. விற்பவருக்கு உரிமை இருக்கிறதா என்று ஆராய்வது சார்பதிவாளரின் வேலை இல்லை என்பது அதன் அடிப்படை. அப்படியானால் அது யாருடைய வேலை? வாங்குபவருடையது.

வில்லங்கச் சான்று இணையத்தில் கிடைக்கிறது. அது காட்டுவது பதிவான ஆவணங்களை மட்டும். பதியாத உயில், வாய்மொழிப் பாகப்பிரிவினை, நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருக்கும் வழக்கு இவை அதில் தெரிய வேண்டும் என்பதில்லை. அப்பா பெயரில் இருந்த வீட்டை இரண்டு மகன்கள் விற்கிறார்கள், வாரிசுச் சான்றில் மூன்றாவதாக ஒரு மகள் பெயர் இருக்கிறது என்றால் அங்கேயே நிற்க வேண்டும். கூட்டுக் குடும்பச் சொத்தில் 1989 மார்ச் 25 அன்று திருமணமாகாமல் இருந்த மகள்களுக்குத் தமிழ்நாட்டுத் திருத்தச் சட்டம் பங்கு தந்தது. 2005இல் மத்திய அரசின் திருத்தம் அதை எல்லா மகள்களுக்கும் விரித்தது. தகப்பனார் 2005க்கு முன்பே இறந்திருந்தாலும் அந்த உரிமை உண்டு என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. "தங்கச்சி கையெழுத்துப் போட்டுடும்ங்க, ஊர்ல இருக்கு, வந்துடும்" என்று சொல்வார்கள். அந்தத் தங்கை நேரில் வந்து கையெழுத்திடத் தயார் என்றால் அது தீரும் குறை. மூன்று மாதமாக வரவில்லை என்றால் அண்ணன்களுக்கும் அவளுக்கும் இடையில் நமக்குத் தெரியாத ஒரு கணக்கு இருக்கிறது என்று பொருள். அந்தக் கணக்கை நாம் விலைக்கு வாங்கக் கூடாது. அவள் கேட்பது நியாயமாகவும் இருக்கலாம்.

பழைய பத்திரத்தில் மைனருக்காக அப்பாவோ அம்மாவோ கையெழுத்திட்டிருந்தால், நீதிமன்ற அனுமதி பெற்றிருந்தார்களா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் அந்தப் பிள்ளை மேஜரான பிறகு மூன்று ஆண்டுவரை அந்த விற்பனையை எதிர்த்து வழக்குப் போடலாம். காலம் கடந்துவிட்டதா என்பது எளிய கணக்கு, அதைப் போட்டுப் பார்த்த பிறகே விலகுவதா தொடர்வதா என்று சொல்ல முடியும். பவர் பத்திரத்தின் பேரில் விற்றால், பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று அவரையே பார்த்துவிட்டு வர வேண்டும். பவரும் ஒப்பந்தமும் உயிலும் சேர்ந்த கட்டை வைத்துக்கொண்டு இதுவே கிரயத்துக்குச் சமம் என்றால், 2011இல் சூரஜ் லாம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த வழியை அடைத்துவிட்டது என்று சொல்லி எழுந்து வந்துவிடலாம்.

ஓர் அளவுகோல் எனக்கு உதவியாக இருந்திருக்கிறது. குறை ஒரு காகிதத்தில் தீருமா, ஒரு மனிதரின் மனம் மாறினால்தான் தீருமா? அடமானக் கடன் அடைத்த ரசீது பதிவாகவில்லை, பட்டா இன்னும் பழைய பெயரில் இருக்கிறது, பத்திரத்தில் சர்வே எண்ணின் உட்பிரிவு தவறியிருக்கிறது என்பவையெல்லாம் காகிதக் குறைகள். கெடு வைத்துக் காத்திருக்கலாம். பங்காளிச் சண்டை, வாடகைக்காரர் காலி செய்ய மறுப்பது, பொதுப் பாதையைப் பக்கத்து வீட்டார் உரிமை கொண்டாடுவது ஆகியவை மனிதக் குறைகள். இவற்றுக்கு யாராலும் தேதி சொல்ல முடியாது.

மூன்றாவதாக, எவர் மனம் மாறினாலும் தீராத குறை மண்ணிலும் நீரிலும் இருக்கிறது. கிராமக் கணக்கின் 'அ' பதிவேட்டில் ஏரி, ஓடை, மேய்க்கால் என்று இருக்கும் நிலத்தில் வீடு நின்றால், வீட்டுவரி ரசீதும் மின் இணைப்பும் அதைக் காப்பாற்றாது. ஏரி ஆக்கிரமிப்புகளை அகற்ற 2007இலேயே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்துவிட்டது. அங்கீகாரமற்ற மனைகளைப் பதியக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை விதித்தபோது, அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் பதிவுக்குக் காத்திருந்தவர்கள் நடுவில் மாட்டிக்கொண்டார்கள். நிலம் சட்டப்படி சரியாக இருந்தாலும் நீர் தன் வழியை மறப்பதில்லை. 2015 டிசம்பரில் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும், 2023 டிசம்பரில் பள்ளிக்கரணையிலும் பெரும்பாக்கத்திலும் வீட்டுக்குள் நீர் புகுந்தபோது, சித்திரை வெயிலில் வந்து பார்த்துப் பிடித்துப்போய் வாங்கியவர்கள்தான் முதல் மாடியில் உட்கார்ந்து படகுக்குக் காத்திருந்தார்கள். வீட்டைக் கார்த்திகை மழையில் ஒரு முறை போய்ப் பாருங்கள். அதுவரை காத்திருக்க முடியாவிட்டால் தெருமுனை மளிகைக் கடைக்காரரிடம் கேளுங்கள். அவர் கையைத் தூக்கிச் சுவரில் ஓர் உயரத்தைக் காட்டுவார். அது இடுப்புக்கு மேலே இருந்தால் எனக்கு வேறு ஆய்வு வேண்டாம்.

கட்டடம் பற்றியும் ஒரு வார்த்தை. 2014 ஜூன் 28 அன்று மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். பக்கத்தில் நின்ற இரட்டைக் கட்டடத்தை 2016இல் வெடி வைத்துத் தகர்த்தார்கள். தூண்களில் விரிசலும் அடித்தளத்தில் இறக்கமும் தெரிந்தால் வண்ணம் பூசித் தருகிறேன் என்ற பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்காமல் ஒரு கட்டமைப்புப் பொறியாளரை அழைத்துப் போக வேண்டும். அவருக்குக் கொடுக்கும் சில ஆயிரம், வீட்டு விலையில் ஒரு துளி.

பணக் காரணம் சொல்லக் கூச்சமாக இருப்பதால் பலர் அதை மறைத்து வேறு காரணம் தேடுகிறார்கள். 60 லட்சம் வீட்டுக்கு வங்கி அதிகபட்சம் 80 சதவீதம், அதாவது 48 லட்சம் தரலாம். முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் சேர்ந்து 5.4 லட்சம் தனி. கையிலிருந்து 17.4 லட்சம் வேண்டும், தரகு, வழக்கறிஞர், மராமத்துச் செலவு நீங்கலாக. 48 லட்சத்துக்கு 8.5 சதவீத வட்டியில் 20 ஆண்டுத் தவணை மாதம் 41,655 ரூபாய். கட்டி முடிக்கும்போது ஏறக்குறைய ஒரு கோடி. இந்தக் கணக்கை முன்பணத்துக்கு முந்தைய இரவு கணவனும் மனைவியும் ஒரே தாளில் போட்டுப் பார்த்திருந்தால், பின்னால் நடக்கும் பல விலகல்கள் தேவைப்படாமலே போயிருக்கும். முன்பணத்துக்குப் பிறகு வேலை போனது, வீட்டில் ஒருவர் நோயில் விழுந்தார் என்றால் அச்சாரத்தை விட்டுவிட்டு வருவதே சரி என்று சொல்வேன். அந்த 60 லட்சம் வீட்டுக்குக் கொடுத்தது 3 லட்சம் என்றால், அது போவது வலிக்கும். தவணை தவறி வங்கி வீட்டை ஏலத்துக்குக் கொண்டுபோவது ஒரு குடும்பத்தையே முடக்கும். விட்டதைப் பிடிக்கிறேன் என்று சீட்டாட்டத்தில் உட்கார்ந்திருப்பவரைப் பார்த்து நாம் பதறுகிறோம். வீட்டு விஷயத்தில் அதே பேச்சைப் பெரியவர்களே பேசுகிறார்கள்: "இவ்வளவு கொடுத்தாச்சு, இனிமே எப்படிடா விடறது?" கொடுத்த 3 லட்சம் தொடர்ந்தாலும் விலகினாலும் கையை விட்டுப் போன பணம்தான். இனிக் கொடுக்கப்போகிற 57 லட்சத்துக்கு இந்த வீடு தகுமா என்பது ஒன்றே அன்றைய கேள்வி.

மனசுக்கு ஏதோ சரியில்லை என்பதற்காக விலகலாமா? வாஸ்து, சகுனம், தென்மேற்கு மூலை ஆகியவற்றை நம்புகிறவர் முன்பணத்துக்கு முன்பே பார்த்துவிட வேண்டும். அதன் பிறகு அதைக் காரணமாகச் சொல்வது விற்பவருக்குச் செய்யும் அநியாயம். அவரும் நம் வாக்கை நம்பி வேறு எங்கோ அட்வான்ஸ் கொடுத்திருப்பார், மகள் கல்யாணத்துக்கு நாள் குறித்திருப்பார். ஆனால் அந்த உறுத்தலுக்கு அடியில் சில சமயம் உண்மையான ஒன்று இருக்கும். விற்பவர் ஒவ்வொரு முறையும் ஒரு பத்திரத்தை மட்டும் ஜெராக்ஸாகவே தருகிறார், கேள்வி கேட்டால் கோபப்படுகிறார், வழக்கறிஞரிடம் போக வேண்டாம் என்கிறார். இவற்றைச் சகுனம் என்று சொல்லிக் கடந்துவிடக் கூடாது.

விலகுவது என்று ஆன பிறகு எப்படி விலகுவது? மிகப் பெரிய தவறு, சொல்லாமல் பணத்தை நிறுத்துவது. 1981 ஜனவரியில் போட்ட ஓர் ஒப்பந்தம், சாரதாமணி கந்தப்பன் வழக்கு என்று உச்ச நீதிமன்றம்வரை போனது. விலை 3.75 லட்சம், ஒரு லட்சம் முன்பணம், மீதி மூன்று தவணைகள். உரிமை ஆவணங்கள் சரியாக இல்லை என்று சொல்லி வாங்குபவர் தவணையை நிறுத்தினார், விற்பவர்கள் ரத்து செய்தார்கள். 2011இல், 30 ஆண்டு கழித்து வந்த தீர்ப்பு வாங்குபவருக்கு எதிராக முடிந்தது. பணம் கட்டுவதை ஆவணப் பரிசோதனையோடு அந்த ஒப்பந்தம் இணைக்கவில்லை என்பதே காரணம். சந்தேகம் இருந்தால் கெடு முடிவதற்கு முன்பே, இன்ன ஆவணத்தில் இன்ன குறை, இத்தனை நாளுக்குள் தீர்த்துத் தாருங்கள், இல்லையேல் பணத்தைத் திருப்புங்கள் என்று பதிவுத் தபாலில் எழுத வேண்டும். கெடு தாண்டி எழுதும் கடிதம் சாக்குப்போக்காகவே படிக்கப்படும்.

ஒப்பந்தம் பதிவானதாக இருந்தால் வாங்குபவர் கையில் ஒரு பிடி இருக்கிறது. தமிழ்நாட்டில் 2012 திருத்தப்படி கிரய ஒப்பந்தத்தைப் பதிய வேண்டும். பதியாததும் ஒப்புக்கொண்டதை நிறைவேற்றக் கோரும் வழக்கில் சாட்சியமாகச் செல்லும் என்று 2023இல் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மைதான், ஆனால் பதிந்தது வில்லங்கச் சான்றில் ஏறிவிடும். அதைப் பார்த்துவிட்டு அடுத்து வருகிறவர் எளிதில் பணம் போட மாட்டார். ஆகவே விற்பவருக்கு நம் ரத்து ஆவணம் தேவை. முன்பணம் வங்கி வரைவோலையாகக் கைக்கு வருகிற அதே மேசையில், அதே நேரத்தில் ரத்துக்குக் கையெழுத்திடுங்கள். "முதலில் ரத்து பண்ணிக் கொடுங்க, அடுத்த பார்ட்டி பணம் தந்ததும் தர்றேன்" என்பதற்கு ஒப்புக்கொண்டால் அந்தப் பிடியும் போய்விடும்.

கையில் கொடுத்த பணம் இன்னும் மோசமான கதை. சொத்துக்கான முன்பணத்தில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் 2015இலிருந்து தடுத்திருக்கிறது. மீறி வாங்கியவருக்கு வாங்கிய தொகைக்குச் சமமான அபராதம்கூட விழலாம். பத்திரத்தில் ஒரு விலை, கையில் ஒரு விலை என்று ஒப்புக்கொள்பவர், விலக நேர்ந்தால் கையில் கொடுத்ததைக் கேட்க ஒரு துண்டுச் சீட்டும் இல்லாமல் நிற்பார்.

இத்தனைக்கும் மாற்றாக ஒப்பந்தத்தில் நான்கு வரிகள் போதும். பத்திர எழுத்தர் புருவத்தை உயர்த்தினாலும் அவரையே எழுதச் சொல்லலாம், அவருடைய நடையிலேயே: "மேற்படி சொத்தின் உரிமை குறித்து வாங்குபவரின் வழக்கறிஞர் 30 நாட்களுக்குள் எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவித்து, அதனை விற்பவர் அடுத்த 30 நாட்களுக்குள் நிவர்த்தி செய்யத் தவறும் பட்சத்திலோ, உரிமைக் குறை அல்லது கட்டட அனுமதிக் குறை காரணமாக வங்கி கடன் தர மறுக்கும் பட்சத்திலோ, முன்பணம் முழுவதையும் விற்பவர் 15 நாட்களுக்குள் திருப்பித் தர வேண்டியது. வாங்குபவரின் வருமானம் காரணமாகக் கடன் மறுக்கப்பட்டால் முன்பணத்தில் ரூ.25,000 மட்டும் பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டியது. வேறு காரணத்தால் வாங்குபவர் விலகினால் அச்சாரமாகிய ரூ.1,00,000ஐ இழக்க வேண்டியது. விற்பவர் விலகினால் அதே தொகையை முன்பணத்துடன் சேர்த்துத் தர வேண்டியது." தொகையும் நாளும் இருவரும் பேசி வைத்துக்கொள்ளலாம். இதைக் கேட்டதும் முகம் மாறி, வேறு பார்ட்டி காத்திருக்கிறார் என்று விற்பவர் சொன்னால், ஒரு ரூபாய்கூடப் போகாமல் விலகக்கூடிய நாள் அதுதான்.